சாமி முன்னால் வைத்த காந்தம்

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து, சாமான் விலை மட்டும் இறங்க மறுத்த அந்த வருடத்தின் நவராத்திரி நாட்களில் நடந்தது இது. மாத்தளை நகரிலிருந்து மலைப்பக்கமாக ஏறும் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு அலுவிகாரையில். விடிந்ததும் நகரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தோட்டத்துக்கு இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ்ஸை நான் தவறவிட்டதே இல்லை. என்னை விட்டுவிட்டுப் போகிற துணிவு அந்த டிரைவருக்கும் இதுவரை வரவில்லை.

எங்கள் பாடசாலையில் அப்போது ஒன்பதாம் தரம் வரைதான் இருந்தது. பத்துக்குப் பிள்ளைகள் டவுனுக்குப் போக வேண்டும். பையன்கள் எப்படியாவது புட்போர்டில் தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளின் கதை வேறு. பின்னேர பஸ் மலைக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். இறங்கும் இடத்திலிருந்து தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் தேயிலை நடுவே நடக்க வேண்டும். அதனால் ஒன்பது முடிந்த கையோடு ஆடைத் தொழிற்சாலைக்கோ, கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டு வேலைக்கோ போன கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

அந்த வருடம் ஒன்பதில் ஒரு பிள்ளை இருந்தாள். எதைச் சொன்னாலும் “ஏன் டீச்சர்?” என்று கேட்கிற ரகம். சில நாட்களில் என் பொறுமையைச் சோதிப்பாள். ஆனால் அவள் வராத நாளில் வகுப்பு உப்பில்லாத கறி மாதிரி இருக்கும். அவளுடைய அக்காவும் என்னிடம் படித்து, ஒன்பதோடு நின்றுபோனவள்தான். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் வேலை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரை மறித்து, இவளையாவது மேலே படிக்கவையுங்கள் என்றேன்.

“இங்க பத்து வந்தா படிக்கட்டும் டீச்சர். வேணாம்னா சொல்றேன்? டவுனுக்கு மட்டும் அனுப்ப மாட்டேன். பொம்பளப் பிள்ள இருட்டுல தனியா வரணும். என்னால நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆகவே பத்தாம் தரத்தை இங்கேயே கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். அதிபர் பயந்த சுபாவம், ஆனால் நல்ல மனிதர். அவரை விடாமல் பிடித்து விண்ணப்பம் போட வைத்தேன். கல்வி வலய அலுவலகத்திலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும் என்று பதில் வந்தது. கட்டடம், தளபாடம், ஆசிரியர் எல்லாம் பார்ப்பார்களாம். முக்கியமாக விஞ்ஞானச் செய்முறைப் பாடம் ஒன்றைப் பார்ப்பார்களாம். காந்தமும் மின்சாரமும் என்ற அலகிலிருந்து.

எங்கள் ஆய்வுகூடம் என்பது அதிபர் அறையில் இருக்கும் ஓர் அலுமாரி. அதற்குள் குதிரை லாட வடிவத்தில் ஒரு காந்தம் இருந்தது. குண்டூசியைக் கிட்டக் கொண்டுபோனால் குண்டூசி அதைக் கண்டுகொள்வதே இல்லை. மின்கலம் எல்லாம் கசிந்து பச்சை பூத்திருந்தது. சரி, ஆட்டுக்கு வால் அளந்துதான் வைத்திருக்கிறது, அதற்காக ஆடு அழுதுகொண்டா இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு தேடக் கிளம்பினேன்.

பாடசாலை விட்ட பிறகு மாத்தளையில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. புத்தகக் கடையில் காந்தம் கேட்டால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற மாம்பழமும் வாழைப்பழமும்தான் இருந்தன. டோர்ச் பல்ப் கேட்டால் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது எல்லாம் எல்ஈடி, பழைய பல்ப் எங்கே வருகிறது என்றார்கள். எல்ஈடியைத்தான் வாங்கிப் போனேன். அது ஒரு பக்கமாக இணைத்தால் எரியும், மாற்றி இணைத்தால் எரியாது. அதைப் பார்த்ததும் என் ‘ஏன் டீச்சர்’ ஆரம்பித்துவிட்டாள். அதிலேயே ஒரு முழுப் பாடவேளை ஓடியது. எனக்கு இலாபம்தான்.

ரேடியோ திருத்தும் கடைக்காரர் உடைந்த ஸ்பீக்கர்களிலிருந்து வட்டக் காந்தங்களைக் கழற்றித் தந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் சுற்றும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம், செப்புக் கம்பி கேட்டேன். எரிந்த மோட்டார் கம்பி ஒரு மூட்டை இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளுங்கள் என்றார். எரிந்த கம்பியில் பூச்சுப் போயிருக்கும், சுருள் சுற்றினால் ஒன்றோடொன்று தொட்டு வேலை செய்யாது, நல்லதாகத் தாருங்கள் என்று நான் விடாமல் நின்றேன். “புள்ளைகளுக்குத்தானே டீச்சர்” என்று புது உருளையிலிருந்தே வெட்டிச் சுற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. நான் திட்டிய பிறகும் வாங்கவில்லை.

இரும்புத் தூள் மட்டும் கிடைக்கவில்லை. ஸ்பீக்கர் காந்தங்கள் வட்டமாக இருந்ததால், நீளக் காந்தத்தில் இரண்டு முனைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி காட்ட முடியவில்லை. இதை வகுப்பில் சொல்லிக் குறைபட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பிள்ளை எழுந்தாள்.

“டீச்சர், எங்கப்பா வேலை செய்ற ரூம்ல நீட்டுக் காந்தம் இருக்கு. தேயிலையில கெடக்குற இரும்புத் தூளையெல்லாம் அது பிடிச்சிக்கும்.”

இத்தனை வருடம் அந்தத் தொழிற்சாலை வாசலால் நடந்து போயிருக்கிறேன். தேயிலை உருட்டும் யந்திரங்கள் தேய்வதால் தூளில் இரும்பு கலக்கும் என்பதும், அதைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள் என்பதும் தெரியாத சங்கதி இல்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்றே போய் டீமேக்கரைப் பார்த்தேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர், சிங்களவர், தோட்டத்தில் பிறந்தவர் போலத் தமிழ் பேசுவார். ஆயுத பூசைக்காக யந்திரங்களைக் கழுவிப் பெயின்ட் அடிக்க நிறுத்தியிருந்தார்கள். அதனால் காந்தம் சும்மாதான் இருந்தது.

“எடுத்துட்டுப் போங்க டீச்சர். ஆனா பூசை முடிஞ்ச அடுத்த நாள் காலையில மெசின் ஓடணும். அது இல்லாம ஓட்ட ஏலாது. தூள்ல இரும்பு போனா என் வேலை போகும். இவரோட வேலையும் போகும்” என்று பிள்ளையின் அப்பாவைக் காட்டினார். அப்பாதான் பொறுப்பென்று அவர் கையில் கொடுத்தார். கூடவே ஒரு டின் நிறைய இரும்புத் தூளும் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழு வருவதாக இருந்த நாளில் பிள்ளைகள் தலைவாரி, சப்பாத்துத் துடைத்துக் காத்திருந்தார்கள். குழு வரவில்லை. வாகனம் கிடைக்கவில்லையாம். பூசை முடிந்த மறுநாள் காலை வருகிறோம் என்று அதிபருக்குப் போன் வந்தது. அன்றைக்குத்தான் காந்தம் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். பரவாயில்லை, விடியற்காலையில் அப்பா எடுத்துக்கொண்டு போகட்டும், ஸ்பீக்கர் காந்தங்களை வைத்து நான் சமாளிக்கிறேன் என்று கணக்குப் போட்டேன்.

இடையில் பாடசாலையில் வாணி விழா. புத்தகம், கொப்பி, பேனை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பூசை செய்தோம். அவலும் கடலையும் பங்கிடுவதில் மும்முரமாக இருந்த நான் நிமிர்ந்து பார்க்கிறேன், புத்தகக் குவியலின் உச்சியில், சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் சூட்டிக்கொண்டு காந்தம் உட்கார்ந்திருக்கிறது. “படிக்க உதவுற எல்லாத்தையும் வைக்கணும்னு சொன்னீங்களே டீச்சர்” என்றாள் அந்தப் பிள்ளை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அழகாக வைத்திருக்கிறாய் என்று பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

விஜயதசமி காலை நான் பஸ்ஸால் இறங்கும்போது, பிள்ளையின் அப்பா வகுப்பு வாசலில் நிற்கிறார். கையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன அண்ணே, இன்னும் கொண்டுபோகலையா?”

“எப்பிடி டீச்சர் எடுக்கிறது? சாமி முன்னால வச்சாச்சே. திரும்பப் பூசை பண்ணாம அதுல நான் கை வைக்க மாட்டேன். டீமேக்கர் ஐயா போன்ல கத்துறாரு.”

வைத்ததை மறுபூசை செய்யாமல் எடுக்கக் கூடாது, அதுதான் எங்கள் வழக்கம். கோயில் பூசாரிதான் வந்து எடுத்துத் தர வேண்டும். அவரோ கோயிலில் விஜயதசமிப் பூசை முடித்து மத்தியானத்துக்குத்தான் வருவார். அதிபரும் பூசாரி வரட்டுமே டீச்சர் என்று இழுத்தார். வேலை போய்விடுமோ என்று நடுங்குகிற மனிதரே தொட மறுக்கிறார் என்றால் அந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது! எனக்கும் சாமி பயம் உண்டு. குழு பயம் அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டையும் சேர்த்து யோசித்தேன்.

“விஜயதசமிக்கு ஏன் காலையில புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறோம்? சாமி முன்னால வச்சதை எடுத்துப் படிக்கத்தானே? பிள்ளைங்க தேவாரம் பாடட்டும், அதிபர் சேர் கற்பூரம் காட்டட்டும். இவ காந்தத்தை எடுத்து இன்னைக்கு முதல் பாடத்தைத் தொடங்கட்டும். இதைவிட வேற என்ன பூசை வேணும்?”

அதிபர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, “அதுவும் சரிதான்” என்றார். தேவாரம் பாடினோம். கற்பூரம் காட்டினோம். பிள்ளை இரண்டு கையாலும் காந்தத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு இன்னொன்று தோன்றியது. காந்தம் பாடசாலையில் இருக்க முடியாவிட்டால் என்ன, பாடசாலை காந்தத்தோடு போகட்டுமே! ஒன்பதாம் தரத்தை அப்படியே வரிசையாகக் கிளப்பினேன். ஆணி, கம்பி, பட்டரி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில்.

கேட்டைத் தாண்டவில்லை, குழுவின் வான் எதிரே வந்து நின்றது. குழுவின் தலைவி யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர், கண்ணாடி போட்ட கண்டிப்பான அம்மா. “என்ன டீச்சர், நாங்கள் வாற நேரம் பார்த்துப் பிள்ளையள் எல்லாம் எங்க போகினம்?” என்றார்.

“ஆய்வுகூடத்துக்குப் போறோம் மேடம். நீங்களும் வாங்க” என்றேன். அதிபருக்கு வியர்த்துவிட்டது.

தொழிற்சாலையில் டீமேக்கர் எங்கள் படையைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார். பின்னால் வந்த குழுத் தலைவியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். பிறகு காந்தத்தைப் பார்த்தார். “ஐயோ டீச்சர், சந்தனத் தேயிலைய எந்த ஏலத்தில விக்கிறது?” என்று தலையில் கை வைத்தார். சாமிக்குக் குளிப்பாட்டுவது போலப் பயபக்தியோடு அப்பாவே அதைக் கழுவித் துடைத்தார். காந்தத்தைத் திரும்ப மாட்டும்வரை மெசின் ஓடாது, நீங்கள் பாடத்தை முடியுங்கள், சுருக்கா முடியுங்கள் என்றார் டீமேக்கர். செருப்பு, சப்பாத்தைக் கழற்றவைத்து, எல்லோருடைய தலைக்கும் தொப்பி மாட்டித்தான் உள்ளே விட்டார். குழுத் தலைவியின் பெரிய கொண்டையும் தப்பவில்லை.

பிள்ளை தேயிலைத் தூளை ஒரு தட்டில் பரப்பினாள். காந்தத்தை மேலே கொண்டுபோனாள். இரண்டு முனையிலும் கறுப்பு மீசை முளைத்த மாதிரி இரும்பு ஏறியது, நடுவில் ஒன்றுமில்லை. முனைகளைப் பற்றிச் சொன்னாள். குழுத் தலைவி விடவில்லை. தேயிலையும் கறுப்பு, இதுவும் கறுப்பு, ஒட்டியிருப்பது இரும்புதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். இந்தக் கேள்வியை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பிள்ளை ஒட்டியிருந்ததை ஒரு தாளில் வழித்துப் போட்டு, கொஞ்சம் தேயிலைத் தூளையும் பக்கத்தில் தூவி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினாள்.

“இப்ப பாருங்க மேடம். இரும்பு பின்னாலயே நடந்து வருது. தேயில போட்ட எடத்துலயே நிக்குது.”

பிறகு ஆணியில் கம்பியைச் சுற்றி, பட்டரியில் இணைத்து, மின்காந்தம் செய்தாள். அதிலும் தூள் ஏறியது. கம்பியைப் பட்டரியிலிருந்து எடுத்தாள், தூள் அப்படியே கொட்டியது. இத்தோடு பாடம் முடிந்தது என்று நான் மனதுக்குள் மணி அடித்துவிட்டேன். அவள் முடிக்கவில்லை.

“எங்கப்பா தினம் அந்தக் காந்தத்துல ஒட்டுறத கையால தொடச்சித்தான் எடுக்கணும். இரும்பு குத்திக் குத்தி வெரலெல்லாம் புண்ணு. சோத்துல கை வச்சா எரியும், எடது கையில கரண்டி பிடிச்சித்தான் சாப்பிடுவாரு. கரண்ட்ல செஞ்ச பெரிய காந்தம் இருந்தா சுவிட்ச நிப்பாட்டினா போதும். தானா விழுந்துரும், கையே வைக்கத் தேவையில்ல.”

அப்பா சலிக்கும் யந்திரத்துக்குப் பின்னால், மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு நின்றார். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கண் மட்டும்தான் தெரிந்தது, அது நிறைந்திருந்தது. டீமேக்கர்தான் சமாளித்தார். “ஹரி” என்று சிங்களத்தில் சரி போட்டார். “அப்ப மகள் படிச்சிட்டு வந்து எனக்கு ஒண்ணு செஞ்சி தாங்க” என்றார்.

குழுத் தலைவி பிள்ளையின் தோளைத் தட்டினார். நன்றாக இருக்கிறது என்றார், குறிப்பு எழுதிக்கொண்டார், போனார். நான் வென்றுவிட்ட நினைப்பில் அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். பின்னேரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அப்பா வேலை முடிந்து வந்தார்.

“டீச்சர், பத்து இங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இவ படிக்கட்டும். டவுனுக்கே போகட்டும். பஸ் எறங்குற எடத்துல டோர்ச்சோட நான் வந்து நிக்கிறேன். எனக்கு ஷிப்ட் இருந்தா அவ அம்மா நிப்பா.”

அன்று பஸ் வந்ததும் ஏறியதும் எனக்கு ஞாபகமில்லை.

குழுவின் முடிவு வந்தது. பாடம் மிகச் சிறப்பு, ஆனால் ஆய்வுகூடக் கட்டடம் இல்லாததால் இந்த வருடம் பத்தாம் தரத்துக்கு அனுமதி இல்லை என்றார்கள். விதி அப்படி இருந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? நான் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் உர்ரென்று இருந்தேன். ஆனால் புது வருடப் படிப்பு தொடங்கியபோது அந்தப் பிள்ளை டவுன் பாடசாலைச் சீருடையில் என் பஸ்ஸுக்கு எதிர்ப் பஸ்ஸில் போனாள். ஜன்னலால் கையைக் காட்டினாள். பின்னேரங்களில் பிள்ளைகள் பஸ் இறங்கும் திருப்பத்தில் அப்பாவின் டோர்ச் வெளிச்சம் நின்றது. ஒரு வெளிச்சத்தைப் பார்த்து இன்னும் சில அப்பாக்கள் துணிந்தார்கள். பிள்ளைகள் கூட்டமாக இறங்கி, கூட்டமாக நடந்தார்கள்.

பிறகு நாங்கள் விடாமல் கேட்டு ஒரு கட்டடமும் பத்தாம் தரமும் வந்துவிட்டன. அந்தப் பிள்ளை இப்போது டவுனில் உயர்தரம் படிக்கிறாள், கணிதப் பிரிவில். டீமேக்கருக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருக்கிறது என்று காணும்போதெல்லாம் சொல்கிறாள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்தக் காந்தம் எங்கள் பூசைக்கு வருகிறது, மறுநாள் விடியற்காலையில் கழுவித் துடைத்துத் திரும்பிப் போகிறது. இப்போதெல்லாம் பூசாரிக்கு முதலே சொல்லி வைத்துவிடுகிறேன்.

அன்று நான் அந்தக் குழுவுக்காகத்தான் பாடம் தயாரித்தேன், என் கண்ணும் கவனமும் அவர்கள் முகத்திலேயே இருந்தன. கேட்க வேண்டியவர் யந்திரத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு செய்முறைப் பாடம் நடக்கும் நாளில் வகுப்பின் பின்னால் ஒரு வாங்கை வெறுமையாகப் போட்டு வைக்கிறேன், வேலை முடிந்து வரும் ஓர் அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்து பார்ப்பதற்காக. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் எனக்கு இப்போது பதற்றம் வருவதில்லை, அந்த வாங்கில் யாராவது வந்து மெதுவாக உட்காரும்போதுதான் என் கை இன்னும் கொஞ்சம் கவனமாகிறது.